நெற்றியில் தேய்த்த தைலம்

உங்கள் அம்மா ஊரின் மறுகோடியில், பாணேரில், ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் ரிசப்ஷன் வேலை பார்த்தது உங்களுக்கு நினைவிருக்கும். கட்கியில் நம் குவார்ட்டர்ஸிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போவாள். அந்த வாசல் மேசைமேல் அவளுக்கு அவ்வளவு பிரியம்.

நாற்பது தாண்டியதும் நெற்றியில் மூன்று கோடுகள் ஆழமாக விழுந்தன. முதலில் கேலி செய்தது நான்தான். கோயில் விசேஷத்தில், குவார்ட்டர்ஸ்காரர்கள் எல்லோர் முன்னாலும், "என் பொண்டாட்டிக்கு விபூதியே வேணாம், சாமியே பட்டை போட்டு அனுப்பிட்டாரு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பக்கத்து வீட்டு அம்மாள் அன்றிலிருந்து அவளைப் "பட்டை அக்கா" என்றே கூப்பிட்டாள்.

பிறகு ஆபீசுக்குப் புது மேனேஜர் வந்தான். "மேடம், நீங்க சிரிச்சாலும் கோவமா இருக்கற மாதிரியே தெரியுது. அடுத்த மாசம் மேசைக்கு வேற ஆளைப் பாக்கலாமான்னு யோசிக்கறேன்" என்று ஹிந்தியில் சொன்னானாம். அதை அவள் வந்து சொன்னபோது, "உண்மையத்தானே சொல்லியிருக்கான்" என்றேன்.

ஒரு சனிக்கிழமை, என்னிடம் சொல்லாமல், கேம்ப் கடைத்தெருப் பக்கம் ஒரு தோல் டாக்டரிடம் போய் போடாக்ஸ் ஊசி போட்டுக்கொண்டாள். நெற்றியைச் சுருக்கும் தசையை அந்த மருந்து சில மாதங்கள் அசையவிடாது, கோடு மறைந்துவிடும். டாக்டர் ஒன்றைத்தான் அழுத்திச் சொல்லியிருக்கிறார்: இன்றைக்கு நெற்றியைத் தேய்க்கக் கூடாது, மருந்து இமைக்கு இறங்கிவிடும்.

வீட்டுக்கு வந்ததும் அவளுக்குத் தலைவலி. நம் வீட்டில் யாருக்குத் தலைவலி என்றாலும் தைலம் தேய்ப்பது நான்தான், கண்ணில் தண்ணீர் வரும்வரை.

"வேணாங்க. தூங்குனா சரியாப்பூடும்."

"இன்னா புதுசா வேணாங்கற? சாயு."

தலையை மடியில் அழுத்தி வைத்து, கட்டைவிரலால் புருவம்வரை இழுத்து இழுத்துத் தேய்த்தேன். இரண்டு முறை என் கையைப் பிடித்தாள். தட்டிவிட்டேன். அப்புறம் பிடிக்கவில்லை.

நாலாம் நாள் காலையில் வலது இமை பாதிக் கண்ணை மூடித் தொங்கியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். "யாரைப் பாத்து கண்ணடிக்கற?" என்றேன். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?"

"சொன்னா கோயில்ல போய்ச் சொல்லிச் சிரிப்பீங்க. அதுக்குக் கண்ணு போனாலும் போவட்டும்னு படுத்துக் கிடந்தேன்."

நிச்சயமாகச் சொல்லிச் சிரித்திருப்பேன்.

நெற்றியில் ஒரு கோடுகூட இல்லை. கீழே ஒரு கண் தூங்கியது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். மேனேஜர் அதைக் கழற்றச் சொல்லி முகத்தைப் பார்த்தான். "முன்னாடி கோவமா இருந்தீங்க மேடம், இப்ப குடிச்ச மாதிரி இருக்கீங்க." மத்தியானமே கீழ்த்தளத்தில் கொரியர் பிரிக்கும் அறைக்கு அனுப்பிவிட்டார்கள்.

இமை பழையபடி மேலேற இரண்டு மாதம் ஆயிற்று. சரியான அன்றைக்கு, நல்ல புடவை கட்டி, மேனேஜரிடம் காட்ட மேலே போனாள். வாசல் மேசையில் இருந்த சின்னப் பெண் எழுந்து, "சொல்லுங்க ஆன்ட்டி, யாரைப் பாக்கணும்?" என்று கேட்டாளாம்.

அந்த வாரமே வேலையை விட்டாள். உங்கள் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்காக விட்டாள் என்று உங்களிடம் சொன்னது பொய். அதுவும் நான் யோசித்துச் சொன்னதுதான். அவள் பக்கத்தில் நின்று தலையாட்டினாள்.