மகளை அழைத்துவரப் போன சாலை

வடக்குப்பட்டிலிருந்து நாங்கள் கிளம்பியது மாசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, விடிந்தும் விடியாத நேரம். போக வேண்டிய இடம் ஸ்ரீபெரும்புதூரில் உள்ள ஒரு மருத்துவமனை. பதினாறு, பதினேழு கிலோமீட்டர் இருக்கும். சாலை காலியாக இருந்தால் அரை மணி நேரத்தில் போய்விடலாம். காலை ஷிப்ட் தொடங்கும் நேரத்தில் அந்தச் சாலை காலியாக இருந்து நான் பார்த்ததில்லை.

என் மனைவி முத்துலட்சுமிக்கு அப்போது ஒன்பதாவது மாதம். எங்கள் இருவருக்கும் சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். வளைகாப்பு முடிந்ததும் அவளைத் தாய்வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். "அவுகள விட்டுட்டு நான் இருக்க மாட்டேன்" என்று என்னோடு ரயிலேறி வந்துவிட்டாள். கடைசி வாரத்தில் மாமியார் இங்கே வந்து இருப்பதாக ஏற்பாடு.

நான் ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் தரச் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அப்பாவாகப் போகிறவனுக்குச் செய்ய அதிக வேலை கிடையாது. சுமப்பவள் அவள், தூக்கமில்லாமல் புரள்பவள் அவள், கால் வீங்கி நிற்பவளும் அவள்தான். எனக்கென்று நான் எடுத்துக்கொண்ட வேலை இந்தச் சாலை. ஷிப்ட் முடிந்ததும் பைக்கில் மருத்துவமனை வரை ஒருமுறை போய் வருவேன். எந்த வேகத்தடை உயரம், எங்கே தார் பெயர்ந்திருக்கிறது, டிரெய்லர் லாரிகள் எந்த இடத்தில் திரும்பும் என்று பார்த்து வைப்பேன். பின்சீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள். ஆனாலும் ஒவ்வொரு பள்ளத்திலும் அவள் உட்கார்ந்திருப்பதுபோல மெதுவாக இறக்கி ஏற்றுவேன்.

வீட்டுக்கு வந்து அவள் வயிற்றில் கையை வைத்து அன்றைக்கு நடந்ததைச் சொன்னால், உள்ளேயிருந்து இடது பக்கமாக ஓர் உதை வரும். "உங்க சத்தம் கேட்டாத்தான் இப்படிக் குதிக்கி" என்று சிரிப்பாள்.

அந்தத் திங்கட்கிழமை காலை நான் பல் துலக்கிவிட்டு வந்தபோது அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க, ராத்திரி சாப்பிட்டதுல இருந்து பிள்ள அனக்கமே காங்கல."

அசைவு தெரிகிறதா என்று வயிற்றில் கை வைத்தேன். பேசினேன். என்னென்னவோ பேசினேன். ஒன்றும் நடக்கவில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் முகத்தில் அவள் எதைப் பார்த்தாளோ, எழுந்து பையை எடுத்துக்கொண்டாள்.

அவசரத்துக்கு வீட்டு உரிமையாளரின் காரைச் சொல்லிவைத்திருந்தோம். அவர் ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணத்துக்கு வாலாஜாபாத் போனவர் இன்னும் திரும்பவில்லை. ஆம்புலன்சைக் கூப்பிடலாம் என்று தெருமுனையில் போனை எடுத்தபோதே ஒரு ஷேர் ஆட்டோ வந்தது. கையைக் காட்டினேன். உள்ளே இரண்டு பெண்கள், கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை, மடியில் சாப்பாட்டுப் பை.

"இன்னா சார், வலி வந்துட்ச்சா?" என்றார் ஓட்டுநர்.

"வலி இல்லண்ணே. பிள்ள அசைய மாட்டேங்கு."

பெண்களில் மூத்தவர், நாற்பது வயது இருக்கும், கையை நீட்டி முத்துலட்சுமியை உள்ளே ஏற்றிக்கொண்டார். அவர் பெயர் தனம். வடக்குப்பட்டுக்கு அந்தப் பக்கத்துக் கிராமம். கூட இருந்த இளம்பெண் கவிதா. இந்தப் பெயர்களையெல்லாம் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

"எப்பத்துலர்ந்துமா அசையல?"

"ராத்திரியில இருந்துக்கா."

தனம் முன்னால் குனிந்து ஓட்டுநரிடம் சொன்னார். "மோகனு, நேரா ஆஸ்பத்திரிக்கு வுடு. எங்கியும் நிறுத்தாத."

"உங்க கம்பெனி மாத்தூர்ல வந்துடும்க்கா. எறக்கிட்டுப் போயிட்றேன்."

"கம்பெனி கேட்டு அந்தாண்ட கீது. நீ யூ-டர்ன் போட்டுத் திரும்பி வர்றதுக்கு எவ்ளோ நேரம் ஆவும்? வாணாம், வுடு."

ஒரகடம் மேம்பாலத்துக்குக் கீழே கம்பெனிப் பேருந்துகள் வரிசையாக நின்றன. டீக்கடைகளில் இரவு ஷிப்ட் முடித்தவர்களும் காலை ஷிப்டுக்குப் போகிறவர்களும் கலந்து நின்றார்கள். தினமும் நானும் அந்தக் கூட்டத்தில் நிற்பவன்தான். அன்று அது ஏதோ வெளியூர் போலத் தெரிந்தது. மாத்தூரில் அவர்கள் கம்பெனியின் நீல வாசல் எதிர்ப்புறமாகக் கடந்து போனது. கவிதா போனில் சூப்பர்வைசரிடம் பேசினாள். "சார், லேட்டாவும் சார். ஆஸ்பத்திரிக்குப் போயிகினு இருக்கோம் சார். எனக்கில்ல சார்." அந்தப் பக்கத்திலிருந்து வந்த சத்தம் எனக்கே கேட்டது. அவள் போனை வைத்துவிட்டு, "இந்த மாசம் அட்டெண்டன்ஸ் போனஸ் கோவிந்தா" என்று தனத்திடம் சிரித்தாள். தனம் சிரிக்கவில்லை. முத்துலட்சுமியை இடது பக்கமாகச் சாய்த்துத் தன் தோளில் வைத்துக்கொண்டு, பாட்டிலிலிருந்து தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

வல்லத்தில் வண்டி நின்றுவிட்டது. நீளமான டிரெய்லர் ஒன்று திரும்பும்போது சாலைக்குக் குறுக்கே மாட்டிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் கார்களை அடுக்கி ஏற்றிவந்த லாரிகள், பேருந்துகள், பைக்குகள். எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். நான் எந்த இடத்தில் எந்த லாரி திரும்பும் என்று ஒரு மாதமாகப் பார்த்து வைத்தவன். இறங்கி நின்றுகொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் பார்த்தேன்.

கவிதா குதித்து இறங்கி வண்டிகளுக்கு நடுவே ஓடினாள். டிரெய்லர் ஓட்டுநர் வடநாட்டுக்காரர். கம்பெனி லைனில் கூட வேலை செய்யும் வடநாட்டுப் பெண்களிடம் கற்றுக்கொண்ட இந்தியில் அவள் கத்தினாள்: "பையா! பேட் மே பச்சா! பச்சா!" வயிற்றில் குழந்தை என்று சொல்லித் தன் வயிற்றைத் தொட்டு, ஆட்டோவைக் கை காட்டினாள். அந்த மனிதர் எட்டிப் பார்த்தார். உடனே கிளீனரைக் கீழே இறக்கி, பின்னால் நின்றவர்களை விலக்கச் சொல்லி, அத்தனை நீள வண்டியை அங்குலம் அங்குலமாகப் பின்னுக்கு எடுத்தார். ஓர் ஆட்டோ நுழையும் அளவுக்கு வழி கிடைத்தது. அவரைக் கடக்கும்போது நான் கைகூப்பினேன். அவர் நெஞ்சில் கை வைத்துத் தலையசைத்தார். அவர் எந்த ஊர்க்காரர், என்ன பெயர் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

போந்தூர் தாண்டியதும் மோகன் வேகத்தைக் கூட்டினார். வெயில் வந்துவிட்டிருந்தது.

மருத்துவமனையில் தனமும் கூடவே உள்ளே வந்தார். செவிலியர் முத்துலட்சுமியைப் படுக்கவைத்துத் திரையை இழுத்தார். நான் திரைக்கு வெளியே நின்றேன். துடிப்பைக் கேட்கும் கருவியிலிருந்து முதலில் கரகரவென்று வெறும் இரைச்சல். இடம் மாற்றினார்கள். மறுபடி இரைச்சல். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். பிறகு அது வந்தது. தையல் மெஷின் ஓடுவதுபோல வேகமாக, விடாமல், டக் டக் டக் டக் என்று.

உள்ளே முத்துலட்சுமி அழும் சத்தம் கேட்டது.

மருத்துவர் ஸ்கேன் பார்த்துவிட்டு என்னை அழைத்தார். "துடிப்பு இருக்கு. ஆனா தண்ணி ரொம்பக் கம்மியாயிருக்கு, குழந்தை சோர்ந்திருக்கு. இனி காத்திருக்க வேணாம். இன்னிக்கே ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம். நல்லவேளை, சீக்கிரம் வந்தீங்க."

வெளியே வந்து சொன்னேன். கவிதா கைதட்டினாள். தனம் அங்கிருந்த நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"எங்களால உங்களுக்கு வேலை போச்சேக்கா" என்றேன்.

"எனக்கு மொதப் புள்ள இப்டித்தான் தம்பி. அசையலன்னு தெரியும். வூட்டு வேலய முடிச்சிட்டுப் போலாம்னு இருந்துட்டேன்."

கவிதா அவரைத் திரும்பிப் பார்த்தாள். ஒரே ஆட்டோவில் தினமும் போகிறவள், அவளுக்கும் அது தெரியாது போலிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து இருவரும், "அரை நாளாவது கெடைக்கட்டும்" என்று பேருந்து பிடிக்கக் கிளம்பினார்கள்.

மதியம் எங்கள் மகள் பிறந்தாள். இரண்டரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூட. செவிலியர் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார். தினமும் அளவுகோலை வைத்துக்கொண்டு இரும்பில் குறை கண்டுபிடிக்கிற கை என்னுடையது. அந்த முகத்தில் என்ன தேடுவது என்று அந்தக் கைக்குத் தெரியவில்லை. அவள் வாயைத் திறந்து அழுதாள். அந்த அழுகையை எத்தனை நேரம் வேண்டுமானாலும் கேட்டுக்கொண்டிருக்கலாம் என்று இருந்தது.

சனிக்கிழமை பிற்பகல் வீடு திரும்பினோம். மோகனையே அழைத்திருந்தேன். இதற்குள் மாமியாரும் ஊரிலிருந்து வந்துவிட்டிருந்தார். "ஆளுக்கு முப்பது ரூபா சார், ஷேர் ஆட்டோ ரேட்டு. புள்ளைக்கு டிக்கெட் கிடையாது" என்றார் மோகன். வல்லத்தில் வண்டிகள் சீராக ஓடிக்கொண்டிருந்தன.

மாத்தூரில் காலை ஷிப்ட் விட்டு நூற்றுக்கணக்கான பெண்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். இப்போது வாசல் எங்கள் பக்கமே இருந்ததால் மோகன் யூ-டர்ன் இல்லாமலே வண்டியை நிறுத்தினார். தனமும் கவிதாவும் ஓடிவந்து ஏறினார்கள். கவிதா குழந்தையின் விரல்களைப் பிரித்துப் பார்த்தாள். தனம் கையை நீட்டவில்லை.

"மிஷின்ல வேல செஞ்ச கையி. எண்ண இருக்கும், வாணாம்."

மாமியார் பாட்டிலைத் திறந்து அவர் கையில் தண்ணீர் ஊற்றினார். தனம் கழுவித் துடைத்துவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டார். ஒரகடம் வரைக்கும் அவர் குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். குழந்தை தூங்கியது.

இந்தக் குழந்தை எங்கள் ஊரில் பிறந்திருந்தால் வண்டி நிற்கும் முன்பே தெருவே கூடியிருக்கும். வடக்குப்பட்டில் எங்கள் வாசலில் யாரும் இல்லை. எதிர் வீட்டில் எல்லோரும் இரண்டாவது ஷிப்டுக்குப் போயிருந்தார்கள். எங்கள் வீட்டு வழக்கப்படி பிள்ளையை முதலில் உள்ளே தூக்கிவருவது அத்தை. எனக்கு அக்கா தங்கை கிடையாது. முன்னால் உள்ளே போன மாமியார் தட்டில் ஆரத்தி கரைத்து எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, தனம் குழந்தையை என்னிடம் நீட்டிக்கொண்டிருந்தார்.

"அவுககிட்ட ஏன் குடுக்கே?" என்றார் மாமியார். "நீதான அத்தை. வலது கால எடுத்து வச்சி உள்ள தூக்கிட்டு வாம்மா."

தனம் மோகனைத் திரும்பிப் பார்த்தார்.

"நீ போய்ட்டு வாக்கா" என்று மோகன் எஞ்சினை நிறுத்தினார். "நான் நிக்கிறேன்."