அம்மனாக நின்று நான் சொன்ன வாக்கு

துறைமுகத்துக் கப்பல் ஏஜென்சியில் இருபது வருடமாக நான் ‘சார்’. மில்லர்புரத்தில் வீட்டு முகப்பிலேயே பலசரக்குக் கடை வைத்திருந்த என் அண்ணனுக்கு மட்டும் எப்போதும் ‘ஏலே கிறுக்குப்பயலே’தான். நான் வீடு கட்டிப் பால் காய்ச்சிய அன்று, ஆபீஸ் ஆட்கள் எல்லாம் உட்கார்ந்திருந்த பந்தியில், “ஏலே கிறுக்குப்பயலே, மேனேஜர் சாருக்கு சாம்பார் ஊத்தல, ஒனக்குக் கண்ணு தெரியலையா?” என்று சத்தம் போட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். “இனிமே என் வாசல மிதிக்காதீங்க” என்று அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னேன். அண்ணன் பாதி இலையில் எழுந்து போனார். அதோடு ஆறு வருடம் பேச்சில்லை.

போன வருடம் மகளுக்குக் காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நேர்ந்துகொண்டபடி, குலசை அம்மன் கோயில் தசராவுக்கு மாலை போட்டுக் காளி வேஷம் கட்டினேன். வேஷம் கட்டியவர்கள் மேளத்தோடு தெருத்தெருவாகப் போய்க் காணிக்கை வாங்கிக் கோயிலில் சேர்க்க வேண்டும். காளி வேஷக்காரனை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ‘அம்மா’தான். எங்கள் வேஷக்காரர் செட் அண்ணன் தெருவுக்குள் திரும்பியது. முகம் முழுக்கச் சாயம், சடைமுடி, கிரீடம். என்னை எங்கே தெரியப்போகிறது என்று நானும் போனேன்.

அண்ணன் செம்போடு இறங்கி வந்து என் காலில் தண்ணீர் ஊற்றி, அப்படியே தெருவில் விழுந்து கும்பிட்டார். பத்து வயது மூத்தவர். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது.

“அம்மா, எந்தம்பி எங்கூடப் பேச மாட்டேங்கான். நான் கண்ண மூடுததுக்குள்ள வீட்டுக்கு வருவானா?”

‘நான்தான் அண்ணே’ என்று சொல்ல வாய் வரவில்லை. மேளக்காரர்கள் அடுத்த வீட்டுக்கு நகர்ந்துவிட்டார்கள். திருநீறு கொடுத்து, குரலை மாற்றி, “வருவான்” என்றேன்.

மாலை கழற்றிய மறுநாளே போயிருக்க வேண்டும். பைக்கில் பத்து நிமிடம். போகவில்லை. வறட்டு கௌரவம்! அவர் அம்மனிடம்தானே கேட்டார், என்னிடமா கேட்டார், வேண்டுமானால் கூப்பிடட்டும் என்று இருந்துவிட்டேன். சீ, என்ன மனுஷன் நான். கார்த்திகையில் ஒருநாள் காலை, கடையைத் திறக்கும்போதே அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆட்டோ வருவதற்குள் உயிர் போய்விட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பியதும் மதினியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அன்றைக்கு வேஷத்தில் வந்தது நான்தான், அது தெரியாமலே அண்ணன் போய்விட்டாரே என்று அழுதேன்.

மதினி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“தெரியாமலா? நீங்க தெரு முக்குல திரும்பும்போதே, ‘நடையப் பாரு, நம்ம பயதான் வாரான்’னு சொல்லிக்கிட்டேதான் செம்ப எடுத்தாவ. ‘தம்பியா நின்னா மூஞ்சி குடுக்க மாட்டான், அம்மாவா நிக்கும்போதே கேட்டுருதேன்’னாவ. நீங்க ‘வருவான்’னு சொன்னீயளா, அன்னையிலருந்து மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூடக் கடைய அடைக்கல.”