ஏழு மாதப் பிள்ளையும் நல்லூர்க் கொம்புத் தேனும்

காலை ஏழு மணிக்கு விருத்தாசலத்தில் நல்லூர் பஸ் ஏறினோம். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. என் மடியில் ஏழு மாத மகன். மாமியார் மடியில் எங்கள் ஊர்ப் பீங்கான் ஜாடி. பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் தேன் தொட்டு நாக்கில் சேனை வைக்க விடவில்லை என்ற குறை அத்தைக்கு. அதைத் தீர்க்கத்தான் பயணம். ஒரு வயது வரை தேன் நாக்கில் படக்கூடாது, சிறு குழந்தையை அது முடக்கிவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அத்தையே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாரோ என்று பயந்து நானும் கிளம்பினேன்.

நல்லூரிலிருந்து இரண்டு கிலோமீட்டர் ஆட்டோ, எண்பது ரூபாய்.

"தேன் எடுக்குற எடத்துக்கா? கைக்கொழந்தையத் தூக்கினு?" என்றார் ஓட்டுநர்.

"தேனீ உன்னையா கொட்டப் போவுது? ஓட்டுய்யா" என்றார் அத்தை.

கரும்புக் கொல்லை ஓரப் புதரில், ஒரு கொம்பில் கையகலத் தேனடை. தேன் எடுப்பவர் பச்சைத் தழையில் புகை போட்டார். தேனீக்கள் விலகியதும், கொம்பைச் சுற்றிப் பருத்திருந்த தேன் பகுதியை மட்டும் அறுத்தார். குஞ்சுகள் இருந்த அடையை வாழைநாரால் பக்கத்துக் கொம்பில் திரும்பக் கட்டினார். "குஞ்சக் கலைச்சா பாவங்க."

பிறகு விரலில் தேனோடு பிள்ளையிடம் வந்தார். முதல் சொட்டை அங்கிருப்பவர்களில் சிறியவர் நாக்கில் வைக்காவிட்டால் அந்தப் புதரில் தேனீ மறுபடி கூடு கட்டாது என்பது அவர்கள் நம்பிக்கை.

"வேணாங்க. டாக்டர் கூடாதுன்னாரு."

"உன் புருஷன் டாக்டரக் கேட்டா வளந்தான்? மனுஷன் கைய நீட்டினு நிக்கிறாரு, பாரு."

"பால் குடிக்கிற புள்ளைங்க. நான் சாப்ட்டா அவனுக்குப் போவும்" என்று சொல்லி, அதை என் விரலில் வாங்கி நக்கினேன். புகைதான் தெரிந்தது, இனிப்பு தெரியவில்லை.

அவர் சிரித்தார். "அதுவும் சரிதாம்மா."

அத்தை சிரிக்கவில்லை. கால் ஜாடித் தேன் நானூறு ரூபாய். நான் பர்ஸைத் திறந்து பணம் கொடுக்கும்வரை பிள்ளை அத்தை கையில் இருந்தான்.

திரும்பும் பஸ்ஸில் அவன் கொட்டாவி விட்டான். வாயில் தேன் வாசனை.

"அத்தை, நீங்க வச்சீங்களா?"

"நக்குன வெரலாலயே அவன் வாயத் தொடச்சது நீ. என்னக் கேக்குறியா?"

துடைத்தேன். ஆட்டோவில் அவன் அழுதபோது. கை கழுவினேனா என்று எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

விருத்தாசலத்தில் இறங்கியதும் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னேன். யார் கொடுத்தது என்று டாக்டர் முதலில் கேட்பார். ஜாடி எங்கள் இருவருக்கும் நடுவில் குலுங்கிக்கொண்டு வந்தது. இரண்டு பேருமே அதைப் பிடிக்கவில்லை.