கோதை மேடம் அழித்த பாடங்கள்

பாடம் நடத்துகிறவர்களுக்குப் பாடம் நடத்துகிற தொழில் என்னுடையது. இதில் எது கெட்டுப்போனாலும் பழி நம் தலையில்தான் விழும் என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. கரண்ட் போனால் நான், திரை மங்கினால் நான், மவுஸ் நகராவிட்டால் நான். உங்கள் ஆபீசிலும் இப்படி ஓர் ஆள் இருப்பார். ஒருவேளை அந்த ஆளே நீங்களாகவும் இருக்கலாம். அப்படியானால் நாம் சொந்தக்காரர்கள், மேலே படியுங்கள்.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருஷங்கள் அவை. அதுவரை காந்தி ரோட்டில் ஒரு டி.டி.பி. சென்டரில் கல்யாணப் பத்திரிகை டைப் அடித்துக்கொண்டிருந்த என்னை, காஞ்சிபுரத்துக்கு வெளியே இருந்த ஒரு பல்கலைக்கழகம் வேலைக்கு எடுத்தது. அங்கே புதிதாக ஒரே ஒரு புரொஜெக்டர் வாங்கியிருந்தார்கள். கம்ப்யூட்டரையும் அந்தப் பெட்டியையும் வைத்துப் பாடம் எடுக்க ஆசிரியர்களைப் பழக்க வேண்டும் என்பது எனக்கு இட்ட கட்டளை. நான் படித்தது பி.எஸ்ஸி. என் மாணவர்களில் பாதிப் பேர் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள்.

கடைசி பெஞ்ச்

முதல் பயிற்சி வகுப்புக்கு இருபது ஆசிரியர்கள் வந்தார்கள். இருபது பேரும் கடைசி இரண்டு வரிசையில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். "முன்னால வந்து உட்காருங்க" என்று காலமெல்லாம் பசங்களை விரட்டியவர்கள் இவர்கள். நான் பேசப் பேச அங்கே தனிக் கச்சேரி. ஒருவர் ஜன்னல் வழியே பராக்குப் பார்த்தார். இரண்டு பேர் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதினார்கள். எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்று கோபம் வந்தது. அதைக் காட்டுகிற உத்தியோகமா நமக்கு?

மறுநாள் ஒவ்வொருவராக உட்காரவைத்துப் பார்த்தால், பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நான் சொன்னது அத்தனையும் வந்தது. இது எப்படி சார் என்று வணிகவியல் ஜலால் சாரிடம் கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கவனிக்காத மாதிரி குந்திக்கினு கவனிக்கிறது எப்படின்னு பசங்கதான்பா எங்களுக்குக் கத்துக்குடுத்தாங்க."

கலர் பார்க்கிற இடம்

ஜலால் சாரின் அண்ணன்கள் எல்லோரும் ஊருக்குள் ஜரிகை வியாபாரம். அந்த வீட்டில் படித்து வேலைக்கு வந்தவர் இவர் ஒருவர்தான். வியாபாரம் விட்டாலும் வியாபாரக் கண் விடவில்லை. முதல் முறையாகக் கலர் கலராக வரைபடம் போட்டு எடுத்துவந்தார். அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து நிறம் என்று பார்த்துப் பார்த்துப் போட்டிருந்தார். நான் எல்லாம் சரிசெய்து, ஜன்னல்களைச் சாத்தி, விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தேன். ஐந்தே நிமிஷம். "தாமு, உன் மிஷின் அவுட்டு" என்று ஆள் வந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தால் கதவு, ஜன்னல் எல்லாம் விரியத் திறந்து கிடக்கின்றன. வெயில் நேராகத் திரைமேல் அடிக்கிறது. திரை வெளுத்த வேட்டியாக நிற்கிறது. மிஷினில் ஒரு குறையும் இல்லை சார், ஜன்னலை ஏன் திறந்தீர்கள் என்று கேட்டேன். அவருக்கு என் கேள்விதான் விசித்திரமாக இருந்தது. எங்கள் ஊரில் புடவை வாங்க வருகிறவர்கள் கடை விளக்கை நம்பமாட்டார்கள். புடவையை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் விரித்துப் பார்த்த பிறகுதான் தலையாட்டுவார்கள். அதையே சார் இங்கேயும் செய்திருக்கிறார். அவர் சொன்னது இது: "இருட்டுல காட்டுற கலரை யாருப்பா ஒத்துக்குவாங்க? வெளிச்சத்துல நிக்காத சரக்கைக் குடுத்துட்டு என்னையச் சொல்றியே."

சாக்பீஸ் ஆகாது

இப்போது கோதை மேடம். கணிதத் துறை. சின்ன காஞ்சிபுரத்தில் வீடு. நாற்பது, நாற்பத்தைந்து வயதிருக்கும். அவர் வகுப்பு நடக்கும்போது அந்த வராந்தாவில் நடந்தால் ஒரு சத்தம் கேட்காது, சாக்பீஸ் கரும்பலகையில் ஓடுகிற ஓசை மட்டும்தான் வரும். அந்த சாக்பீஸே அவருக்கு எமனாகிவிட்டது. தூள் மூச்சுக்குழாயில் ஏறி, வகுப்பு முடிவதற்குள் இரண்டு தடவை வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு இருமுவார். சாக்பீஸைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெள்ளைப் பலகையில் எழுதிப் பார்த்தார்கள். அந்த மார்க்கர் வாடைக்கு இருமல் இன்னும் அதிகமானது.

துறைத்தலைவர் கறாரான மனிதர், ஆனால் கெட்டவர் இல்லை. மாசக் கடைசியில் ஒரு வகுப்பில் வந்து உட்காருவேன், சாக்பீஸ் இல்லாமல் கணக்கு நடத்த முடிந்தால் நடத்துங்கள், இல்லாவிட்டால் தேர்வுப் பிரிவுக்கு மாற்றிவிடுவதைத் தவிர வழியில்லை என்று சொல்லிவிட்டார். மேடம் நேராக என் அறைக்கு வந்தார். மவுஸைக்கூடத் தொட்டதில்லை என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "விடைத்தாளைக் கட்டுக் கட்டி அரக்கு வைக்கறதுக்கா தாமு நான் கணக்குப் படிச்சேன்? எங்கேர்ந்து ஆரம்பிக்கணும், சொல்லு."

காணாமல் போன பாடங்கள்

பத்தே நாளில் கற்றுக்கொண்டார். கணிதக் குறிகளை அடிப்பது அந்தக் காலத்தில் பெரிய ரோதனை. ஒரு வகுத்தல் கோடு போடவே நாலு தடவை எங்கெங்கோ போய் அழுத்த வேண்டும். மேடம் அலுத்துக்கொண்டதே இல்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் தயிர்சாத டப்பாவை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு அடுத்த நாள் பாடத்தைத் தட்டிக்கொண்டிருப்பார். "ஆனா பாடம் பாதி மணியிலயே முடிஞ்சுடறது, பசங்க முழிக்கறதுகள்" என்று மட்டும் ஒரு குறை சொன்னார். போகப் போகச் சரியாகிவிடும் மேடம் என்றேன். நாம் எல்லோரும் சொல்கிற பதில்தானே அது.

என் கவலை வேறு. அவர் செய்த பாடங்கள் ஒவ்வொன்றாக மாயமாகிக்கொண்டிருந்தன. முதல் நாள் இருந்தது மறுநாள் இல்லை. வைரஸ் என்று நினைத்து மிஷினையே துடைத்துப் புதிதாக ஏற்றினேன். ஃப்ளாப்பியை மாற்றினேன். லேபுக்கு வருகிற பசங்களைச் சந்தேகப்பட்டு இரண்டு பேரைத் திட்டியும் விட்டேன், பாவம். கடைசியில் ஒரு நாள் வகுப்பு முடிகிற வரை நானே பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். மணி அடித்தது. மேடம் அன்றைய பாடத்தை முழுக்கத் தேர்ந்தெடுத்து அழித்தார். திரையில் இருந்த குப்பைக் கூடையையும் மறக்காமல் காலிசெய்தார். பிறகு கையைத் தட்டிக்கொண்டு, இல்லாத சாக்பீஸ் தூளை உதறிவிட்டுக் கிளம்பினார்.

எனக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. எதற்காக மேடம் இப்படி, மணிக்கணக்கில் உழைத்ததாயிற்றே என்று கேட்டேன். நான்தான் ஏதோ மரியாதை தெரியாமல் பேசிவிட்டதுபோல் பார்த்துவிட்டு, பொறுமையாகச் சொன்னார்: "அடுத்த மணிக்கு வரவா நான் எழுதினதை அழிக்கற மாதிரி ஒரு நாள்கூட விட்டுட்டுப் போனதில்லை, தாமு."

துறைத்தலைவர் வந்த நாள்

அதற்குமேல் நான் வாதாடவில்லை. அவருக்குத் தெரியாமல் ஒவ்வொரு பாடத்தையும் வகுப்புக்கு முன்பே என் ஃப்ளாப்பியில் ஏற்றிவைக்க ஆரம்பித்தேன். அந்த நாளும் வந்தது. முதல் மணி. துறைத்தலைவர் கடைசி பெஞ்சில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். மேடம் முந்தின நாள் ஒத்திகை பார்த்து, வழக்கப்படி துடைத்து வைத்துவிட்டுப் போயிருந்தார். கோப்பு காலி. மேடத்தின் முகம் வெளுத்தது. சட்டைப் பையிலிருந்து ஃப்ளாப்பியை எடுத்தபோது எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது. பாடம் திரையில் வந்தது. உயிரைக் காப்பாற்றிவிட்டோம் என்று ஓரமாகப் போய் உட்கார்ந்தேன்.

ஒரு இன்டகிரேஷன் கணக்கு. முதல் வரியிலிருந்து விடை வரைக்கும் அச்சடித்த மாதிரி திரையில் வந்து நின்றது. அடுத்ததும் அப்படியே. பசங்க எழுத முடியாமல் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். பத்து நிமிஷத்தில் முக்கால்வாசிப் பாடம் முடிந்துவிட்டது. துறைத்தலைவர் ஏதோ குறித்துக்கொண்டார். அது நல்லதாக இருக்காது என்று எனக்கே தெரிந்தது. மேடமும் பார்த்தார், அவரையல்ல, பசங்களின் முகத்தை.

சட்டென்று என் ஃப்ளாப்பியிலிருந்த பாடத்தை மூடினார். வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து, கணக்கின் முதல் வரியை மட்டும் அடித்தார். "அடுத்து என்ன வரும்?" என்று கேட்டார். மூன்றாவது வரிசைப் பெண் ஒருத்தி ஏதோ சொன்னாள். அது தப்பு. மேடம் அதைத் தப்பு என்றே சொல்லவில்லை, அவள் சொன்னபடியே அடித்தார். அதன்மேல் இன்னும் இரண்டு வரி ஏற்றினார். கணக்கு ஓரிடத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது. வகுப்பே சிரித்தது. அந்தப் பெண்தான் முதலில் கண்டுபிடித்தாள், "மைனஸை விட்டுட்டேன் மேடம்" என்றாள். மூன்று வரியையும் அவள் கண்ணெதிரிலேயே அழித்துவிட்டு மறுபடி அங்கிருந்து ஏறினார்கள். நாலு தடவை எங்கெங்கோ அழுத்த வேண்டிய அந்த வகுத்தல் கோட்டை அவர் விரல் எப்போது போட்டது என்றுகூட யாருக்கும் தெரியவில்லை. ஒரு மணி நேரம் போனது தெரியாமல் நானும் ஒரு காகிதத்தில் அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு தடவைகூட அவர் இருமவில்லை என்பது மணி அடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கண் கலங்கிவிட்டது, ஒளிப்பானேன்.

துறைத்தலைவர் எழுந்தார். முதலில் குறித்திருந்த தாளைக் கிழித்து மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். மேடத்தைப் பார்த்து லேசாகத் தலையசைத்துவிட்டு, வாசலில் என் பக்கம் திரும்பினார்: "தேர்வுப் பிரிவுக்கு வேற ஆள பாத்துக்கறேன். தெனமும் முதல் மணிக்கு உன் புரொஜெக்டர் பெட்டி மேடத்துக்குத்தான், வேற யாரு பேரையும் நோட்டுல எழுதிடாதப்பா."

இத்தனை வருஷ உத்தியோகத்தில் நான் உருப்படியாகச் செய்த ஒரே தொழில்நுட்ப உதவி, அன்றைக்கு மேடம் என் பாடத்தை மூடிய பிறகு எழுந்துபோய் உதவி செய்யாமல் ஓரமாக உட்கார்ந்திருந்ததுதான்.