பூட்டக்கா எழுதிய அறிக்கை

மெயின் ஸ்விட்சை இறக்கி, கொண்டியில் தன் பூட்டை மாட்டி, சாவியை இடுப்பில் செருகிய பிறகும் நம்பிக்கை வராமல் இரண்டு தரம் இழுத்துப் பார்க்கிறாள். அப்புறம்தான் பூட்டக்கா ரோலருக்குப் பின்னால் குனிகிறாள். "மெஷினுக்கு அக்கா தங்கச்சி கிடையாதுடி. நம்ம சாவி நம்ம இடுப்புலதான் இருக்கணும்" என்பாள் கூட வேலை செய்கிறவர்களிடம்.

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை வெளுத்து, தேய்த்து, மடித்து அனுப்பும் பெரிய சலவைக்கூடம் அது. ரோலர் என்பது கட்டில் நீளத்துக்கு ஓர் இரும்பு உருளை. உள்ளே கொதிக்கும் நீராவி. இருபத்திரண்டு வருடமாக அதற்கு ஈரத்துணியைத் தீனி போடுகிறாள். யார் பூட்டினாரோ அவர்தான் திறக்க வேண்டும் என்று சுவரில் சட்டம் ஒட்டியிருக்கிறது. ஒட்டிய நிர்வாகத்தைவிட இவளுக்குத்தான் அது மனப்பாடம். அதனால் பூட்டக்கா. வீட்டில் சோற்றுப் பானைக்கும் பூட்டுப் போடுவாள் என்று அவள் புருஷனே சொல்லிச் சிரிப்பார்.

கோபக்காரி, ஆனால் கத்தமாட்டாள். கூடத்தில் எல்லோரும் அவளுக்கு வாடி, போடாதான். வயதில் சின்னவரான சூப்பர்வைசரும் அதற்கு விலக்கில்லை. மரியாதை கொடுத்துப் பேச ஆரம்பித்தாள் என்றால் எதிராளிக்கு அன்றைக்கு நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

செவ்வாய்க்கிழமை காலை, ரோலரில் அவளோடு ஜோடியாக வேலை செய்யும் ஒல்லி, முறையாகப் பூட்டுப் போட்டுவிட்டு, ரோலருக்குப் பின்னால் சிக்கிய விரிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். வாசலில் ஆஸ்பத்திரி வண்டி ஹாரன் மேல் ஹாரன் அடித்தது. சூப்பர்வைசர், "பின்னால யாராச்சும் இருக்கீங்களா?" என்று ஒரே ஒரு குரல் கொடுத்தார். இரைச்சலில் ஒல்லிக்குக் கேட்கவில்லை. சாவி தொலைந்தால் உதவட்டும் என்று மேஜையில் வைத்திருந்த மாற்றுச் சாவியால் பூட்டைத் திறந்து ஸ்விட்சை ஏற்றிவிட்டார். கூடத்தின் மறுகோடியிலிருந்து பூட்டக்கா "ஐயோ, நிறுத்து!" என்று ஓடிவருவதற்குள் ஒல்லியின் வலது கை முழங்கை வரை உள்ளே போயிருந்தது.

வியாழக்கிழமை மதியம், சாப்பாட்டு அறையில், சூப்பர்வைசர் ஒரு காகிதத்தை அவள் முன் வைத்தார். பூட்டுப் போடாமல் வேலை செய்த ஊழியரின் கவனக்குறைவால் விபத்து என்று எழுதியிருந்தது. கீழே சாட்சியின் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. அவள் கையெழுத்திட்டால் ஒல்லிக்கு வேலையும் போகும், வைத்தியச் செலவுக்குப் பணமும் கிடைக்காது.

"நீங்க உக்காருங்க சார்" என்றாள் பூட்டக்கா.

பக்கத்து மேஜையில் மூன்று பேர் பாதிச் சாப்பாட்டில் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போனார்கள்.

"அவ பூட்டுப் போடலைன்னு உங்க கையாலயே எழுதினீங்களா?"

"மேனேஜர் சொல்லச் சொல்ல எழுதினேங்க்கா. இல்லேன்னா என்னை உள்ள தள்ளிடுவாங்களாம். ரெண்டு புள்ளைங்க இருக்குது."

"அவ பெத்தது மட்டும் என்ன, வானத்துலேர்ந்து குதிச்சுதா? அந்தக் கையாலதானே அதுக்குச் சோறு ஊட்டணும்?"

அவர் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைக்க வேண்டும் போலிருந்தது. முந்தின நாள் ஆஸ்பத்திரியில் ஒல்லி, "என் பூட்டு இருந்துச்சுல்லக்கா, நீங்க பாத்தீங்கல்ல?" என்று திரும்பத் திரும்பக் கேட்டது காதிலேயே இருந்தது. அப்போதுதான் அவருடைய இடது கையைக் கவனித்தாள். பழைய துணியைச் சுற்றியிருந்தார். துணியெல்லாம் நீர் கசிந்து மஞ்சளாகியிருந்தது. ஒல்லியின் கையை இரும்பிலிருந்து பிடுங்கி எடுத்தவரும் இவர்தான்.

"டாக்டர்கிட்ட போனியா?"

"எப்படி வெந்துச்சுன்னு கேப்பாங்களேக்கா."

பாவமாக இருந்தது. பாவம் பார்த்ததற்காகத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. இந்த மனுஷன் முழுக் கெட்டவனாக இருந்து தொலைத்திருந்தால் எவ்வளவு சுலபம்! அந்தக் காகிதத்தை நாலாகக் கிழித்தாள். வேறு தாள் வாங்கி, நிறுத்தி நிறுத்தி எழுதி, அவருக்கே படித்துக் காட்டினாள்.

"பூட்டு போட்டிருந்தது. மாற்றுச் சாவியால் திறந்தவர் சூப்பர்வைசர். கையை வெளியே எடுத்தவரும் அவரே, அதில் அவர் கையும் வெந்தது. வண்டி வந்துவிட்டால் பூட்டைத் திறந்தாவது மெஷினை ஓட்டு என்று அவரிடம் மேனேஜர் சொன்னதை நான் பல தடவை கேட்டிருக்கிறேன்."

"கடைசி வரியால உங்க வேலையும் போயிடும்க்கா."

"போகட்டும்."

"அந்த ரெண்டாவது வரிய மட்டும் எடுத்துடுங்கக்கா. கால்ல விழறேன்."

"விழுந்தாலும் எடுக்க மாட்டேன். மூணாவதையும் எடுக்க மாட்டேன். ரெண்டும் நீ செஞ்சதுதானே? இதுல நீயும் கையெழுத்துப் போட்டா ஒரு பய அவளைக் குத்தம் சொல்ல முடியாது. போடலைன்னாலும் இந்தத் தாள் மேல போகத்தான் போகுது. போட்டுட்டு வா, உன்னை நானே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்."

அவர் தாளை வாங்கி முதலிலிருந்து ஒருமுறை படித்தார். வெளியே மெஷின்கள் இரைந்தன. அவளுக்கும் நிச்சயமில்லை. அவர் எழுந்து நேரே மேனேஜர் அறைக்குப் போனாலும் போகலாம்.

பேனாவை எடுத்தார். மின்விசிறிக் காற்றில் தாள் எழும்பி எழும்பிப் பறந்தது. வெந்த கையால் அதை அமுக்க முடியாமல் முழங்கையை வைத்துப் பார்த்தார், நழுவியது.

பூட்டக்கா நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை, தாளின் மேல் தன் உள்ளங்கையை அழுத்தி ஊன்றிக்கொண்டாள்.