மச்சானுக்காகக் கேட்கிறவர்கள்

தொழில் மையத்தின் விசாரணை மேசையில் உட்கார்ந்த முதல் நாளே எனக்கு ஒன்று புரிந்துவிட்டது. மதுரையில் யாருக்கும் சொந்தத் தொழில் கிடையாது. எல்லாத் தொழிலும் அவரவர் மச்சானுடையது. லோன், லைசென்ஸ், மானியம், எதைக் கேட்க வந்தாலும் "நம்ம மச்சான் ஒருத்தருக்கு" என்றுதான் ஆரம்பிப்பார்கள். தன் பேரைச் சொல்லிக் கேட்டால் கவர்மெண்டு குறித்து வைத்துக்கொள்ளும், மறுநாளே நோட்டீஸ் வரும் என்று பயம். அது வீண் பயம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

சின்னச்சாமியும் அப்படித்தான் வந்தார். எழுமலைக்காரர். பழங்காநத்தத்தில் மச்சானுக்கு மிளகாய் அரைக்கிற மில் இருக்கிறதாம். வீடுகளுக்கு நடுவில் இருப்பதால் தெருக்காரர்கள் தும்மிப் பார்த்துச் சலித்துப்போய், கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்துவிட்டார்களாம். சீல் வைப்பதற்குள் கப்பலூர்த் தொழிற்பேட்டையில் ஒரு ஷெட் கிடைக்குமா என்று கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் எங்கள் செக்‌ஷனே தும்மிக்கொண்டிருந்தது. சட்டை மடிப்பிலும் காது மடலிலும் மிளகாய்த் தூள்.

"மச்சான் மில்லுக்கு அடிக்கடி போவீங்களோ?" என்றேன்.

"சும்மா அந்தப் பக்கமா போவேன் மேடம்."

அந்த மில்லைத் தவிர மச்சானுக்கு வேறு பிழைப்பு இல்லை, சீல் விழுந்தால் பிள்ளைகளின் படிப்பும் நின்றுவிடும் என்று சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. எனக்குப் பாவமாக இருந்தது. "உங்க மச்சான்கிட்ட சொல்லுங்க" என்றே தொடங்கி, காலியாக இருக்கும் ஷெட், கொண்டுவர வேண்டிய சான்றிதழ்கள் எல்லாவற்றையும் விளக்கினேன். மேனேஜரிடம் சொன்னதற்கு, மச்சானை நேரில் வரச் சொல்லுங்கள் என்றார்.

இனி தனியாக வந்து உண்மையைச் சொல்வார் என்று நினைத்தேன். மனிதர் நிஜமாகவே ஒரு மச்சானைக் கூட்டி வந்துவிட்டார். அவர் மனைவியின் அண்ணன். மிஷன் பள்ளியில் டிராயிங் மாஸ்டர். வெள்ளைச் சட்டை, பக்கத்தில் நின்றால் தும்மலே வரவில்லை.

மேனேஜர் மோட்டார் எத்தனை ஹெச்.பி. என்று கேட்டார்.

வாத்தியார் சின்னச்சாமியைப் பார்த்தார். "நல்லாத்தான் ஓடுது சார்" என்றார்.

மேனேஜர் மேற்கொண்டு கேட்கவில்லை. விண்ணப்பத்தை எடுத்து வைத்தார். இதில் எழுதுகிற பேருக்குத்தான் ஷெட் வரும், பிறகு லேசில் மாற்ற முடியாது என்று சொல்லி, வாத்தியாரிடம் பேனாவை நீட்டினார்.

வாத்தியார் அதைத் தொடவில்லை. "மாப்ள, ஷெட்டு எம் பேருக்கு வந்துரும்யா. எம் பொண்டாட்டியப் பத்தி ஒனக்குத் தெரியும்ல?"

சின்னச்சாமிக்குத் தெரிந்திருந்தது. முகமெல்லாம் வேர்த்துவிட்டது. "மில்லு என்னோடதுதான் சார். சீல் மட்டும் வச்சுராதீக" என்றார்.

மேனேஜர் மூக்கைத் துடைத்துக்கொண்டு பேனாவை அவர் பக்கம் திருப்பினார். சீல் வைக்கிற அதிகாரம் எங்கள் ஆபீசுக்குக் கிடையவே கிடையாது. அது யார் கையில் இருக்கிறது என்று சின்னச்சாமியும் கேட்கவில்லை, அவர் மச்சானும் கேட்கவில்லை. மில்லை மாற்றும்வரை அவகாசம் கேட்டு மேனேஜரே மாநகராட்சிக்குக் கடிதம் போட்டார். மில் இப்போது கப்பலூரில் ஓடுகிறது.

அதற்குப் பிறகு விசாரணை மேசைக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் நான் ஒன்றைத்தான் சொல்லிக்கொடுத்தேன். மச்சான் யாரென்று விசாரிக்காதீர்கள், அவருக்குப் பதிலை மட்டும் ஒழுங்காகச் சொல்லி அனுப்புங்கள்.

ரிட்டயர் ஆனபின் வீட்டிலேயே கேக் செய்து விற்க ஆரம்பித்தேன். அதற்கு லைசென்ஸ் வேண்டும் என்றார்கள். உணவுப் பாதுகாப்பு ஆபீசுக்கு விசாரிக்கப் போனேன். கவுண்டரில் ஒரு சின்னப் பெண் இருந்தாள். வாயைத் திறந்தால், "எங்க நாத்தனார் ஒருத்தங்க கேக் செய்றாங்க" என்று வருகிறது.

அவள் என் சேலையில் ஒட்டியிருந்த மைதாவைப் பார்த்தாள். "உக்காருங்கம்மா. உங்க நாத்தனார் என்னென்ன கொண்டு வரணும்னு சொல்றேன்" என்றாள்.

எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டேன். நேரில் கூட்டிவரச் சொல்லிவிடுவாளோ என்றுதான் பயமாக இருந்தது. எனக்கு நாத்தனாரே கிடையாது.