எந்தக் கால்? குளத்தூரில் ஒரு விசாரணை

காலை ஏழு மணிக்கு நாகர்கோவிலில் ரயில் ஏறும்போது என் பையில் ஒரு பூதக்கண்ணாடி இருந்தது. எதற்கென்று மனைவி கேட்டதற்கு, "உத்தியோக விஷயம்" என்றேன். ஓய்வுபெற்றவனுக்கு என்ன உத்தியோகம் என்று அவள் கேட்காதது அவளுடைய பெருந்தன்மை.

விஷயம் இதுதான். எங்கள் ஊர்க் குறும்பட விழாவின் தேர்வுக் குழுவில் நானும் இருக்கிறேன். போட்டிக்கு எட்டு நிமிட அனிமேஷன் படம் ஒன்று வந்தது. முழுக்கக் கையால் வரைந்தது என்று எழுதியிருந்தார்கள். எல்லைச் சோதனைச்சாவடியில், கால் சரியில்லாத காவலர் ஒருவர், அனுமதியில்லாமல் கேரளத்துக்குள் நுழைந்துவிட்ட ஆட்டைத் துரத்துகிறார். அருமையான படம், அதனாலேயே எங்களுக்கு உறுத்தியது. போதாததற்கு, முன்பாதியில் அவருக்கு இடது கால் நொண்டுகிறது, பின்பாதியில் வலது கால். வரைந்த கைக்கு இது தெரியாமலா போகும்? கம்ப்யூட்டரிடம் சொல்லிச் செய்து வாங்கியதாக்கும் என்று குழு முணுமுணுத்தது. நான் நேரில் போய் அதை உறுதிசெய்தால் படத்தை நீக்கிவிடுவார்கள்.

குழித்துறை தாண்டியதும் பெயர்ப்பலகைகள் மலையாளத்துக்கு மாறின. பாறசாலையில் இறங்கினேன். குளத்தூருக்கு ஆட்டோ இருநூறு ரூபாய். எட்டு கிலோமீட்டருக்கு அது அதிகமென்று அதையும் சந்தேகித்தேன்.

"ஆருக்க வீட்டுக்கு சாரே?"

"படம் வரைகிற ஜெபா வீட்டுக்கு."

ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "அந்தப் பிள்ள வரைஞ்சு நான் கண்டதில்ல. எந்நேரமும் கண்ணாடிக்க முன்னால நொண்டி நொண்டி நடக்கும். அதக் கண்டு அம்மைக்கு ஒரே விஷமம், சங்கடம் ஆக்கும்."

வழக்கு பாதி முடிந்துவிட்டதென்று தோன்றியது.

தேவாலயத்தை அடுத்த ஓட்டு வீடு. ஜெபாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அறையில் ஆளுயரக் கண்ணாடி, கம்ப்யூட்டர், பேனாவால் வரைகிற திரை. ஒரு தாள்கூட இல்லை. பூதக்கண்ணாடிக்கு வேலையில்லாமல் போயிற்று.

"இப்ப என்ன வேலை ஓடுகிறது?"

"கல்யாண அழைப்பு. மாப்பிளையும் பெண்ணும் ஸ்கூட்டர்ல வரணுமாம். மாப்பிளைக்கு முடி கொஞ்சம் கூட்டிப் போடணுமாம். அதுல கெடைக்கிற சக்கரத்துலதான், அந்த ரூவாயிலதான் எனக்க படம் ஓடுது." என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க துப்பு பாக்க வந்தியளா?"

மறுத்தேன். அவள் நம்பவில்லை. திரையில் ஒரு மூட்டையை வரைந்து, ஓர் ஆளை அதைத் தூக்கவைத்தாள். "இது வெறும் கோடுதானே, கனம் எங்க இருக்கு? ஆனா தூக்கையில ஒங்க முதுகு நோவணும். சின்னதுல பொம்மைப் படம் பாத்து நான் அழுதது கதைக்கு இல்ல, இதுக்காக்கும்."

என் முதுகு உண்மையிலேயே நொந்தது. ஆனாலும் வரையத் தெரிந்தவர் ஏமாற்றமாட்டார் என்று சட்டமில்லையே. கடைசி அம்பை எடுத்தேன். "அப்படியானால் காவலருக்கு எந்தக் கால் ஊனம்?"

"வலது."

"முன்பாதியில் இடது காலல்லவா நொண்டுகிறது?"

சிரித்தாள். பிறகு படத்தை ஓடவிட்டாள். நிறுத்தினாள். மறுபடி ஓடவிட்டாள். முகம் வெளுத்துவிட்டது.

"எளவு... கண்ணாடி!" என்றாள். ஒவ்வோர் அசைவையும் தானே நடித்துப் பார்த்துத்தான் வரைவாளாம். தொடக்கத்தில் கண்ணாடி முன் வலது காலை நொண்டி, தெரிந்ததை அப்படியே வரைந்திருக்கிறாள். கண்ணாடிக்குள்ளிருந்து எதிரே வருகிறவருக்கோ அது இடது கால். பாதியில் ஃபோன் வாங்கி, தன்னையே படமெடுத்துப் பார்த்து வரைந்தாள். அதில் கால் நேராக விழுந்தது.

எனக்கு வேண்டிய ஆதாரம் கிடைத்துவிட்டது. சொந்தக் காலால் நொண்டியவர் மட்டுமே செய்யக்கூடிய பிழை. "கவலைப்படாதீர்கள், படம் போட்டியில் உண்டு" என்றேன், மன்னர் போல.

"வேண்டாம் சாரே. போட்டியிலேருந்து நானே எடுத்தாச்சுன்னு சொல்லிருங்க."

"யாரும் கவனிக்கமாட்டார்கள்."

"நீங்க கவனிச்சு ரயிலேறி வந்துட்டியளே!"

"இரண்டு காலும் மாறி மாறி வலிக்கிறதென்று வைத்துக்கொண்டால்?"

"ஒங்களுக்கு அப்படி வலிக்குமா?" என்றவள், அந்த முன்பாதியைத் திறந்து முதல் படத்தை அழிக்கத் தொடங்கிவிட்டாள். திரும்ப வரைந்து முடிக்க அடுத்த ஓணம் ஆகுமாம்.

திரும்பும்போது ஆட்டோவுக்கு அதே இருநூறு, பேரம் பேசவில்லை. பாறசாலை நிலையத்திலிருந்து குழுவுக்குச் செய்தி அனுப்பினேன்: படம் கையால் வரைந்ததுதான், ஆகவே போட்டியில் இல்லை. எங்கள் குழுவினருக்கு இது விளங்காது. எங்களூரில் பிழையைச் சுட்டினால் சுட்டியவரைத்தான் நீக்குவோம்.

காத்திருப்பு அறையில் ஒரு கண்ணாடி இருந்தது. அதை நோக்கி வலது காலை நொண்டி நடந்து பார்த்தேன். அதற்குள்ளிருந்து எதிரே வந்த வழுக்கைக்காரருக்கு இடது கால்தான். இன்னொரு தடவை நடந்தேன். பெஞ்சில் இருந்த அம்மாள் என்னையே பார்த்தபடி, தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.